காதால் கேட்டுச் சரிபார்க்கப்பட்டது

பதினோராவது ஸ்பீக்கரும் ஊமையாகத்தான் இருந்தது.

பாம்புக்காது பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி அழுத்தினார். வழக்கமான ‘டிக்’ வந்தது. அதற்குப் பின்னால் வர வேண்டியது வரவில்லை. நான்கு சுவரிலும் கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டிய அந்தச் சின்ன அறையில் அவருடைய வயிறு இரைவது மட்டும் துல்லியமாகக் கேட்டது. கதவுக்கு வெளியே, மேலே, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஒருவர் உற்றுக் கேட்டுக்கொண்டிருக்கிறார், யாரும் சத்தம் போடக்கூடாது என்று அதற்கு அர்த்தம். உள்ளே ஒருவர் உற்றுக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்த மட்டில் விளக்கு பொய் சொல்லவில்லை.

ஸ்பீக்கரின் நெற்றியில் மஞ்சள் சீட்டு ஒன்றை ஒட்டினார். மஞ்சள் என்றால் கழிவு.

விளக்கு எரியும்போது கதவைத் திறக்கக்கூடாது என்ற விதி சூப்பர்வைசருக்குப் பொருந்தாது. விதியை எழுதியவரே அவர்தான். கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

“என்ன சார், காலையிலேருந்து பதினொண்ணு. பதினொண்ணும் மஞ்சளா?”

“பதினாறாயிரம் வரல.”

“ஒண்ணுல கூடவா?”

“ஒண்ணுல கூட.”

“போன வாரம் வரைக்கும் வந்துச்சே?”

“போன வாரம் வந்தது போன வாரம். இப்ப வரல. அதுக்கு நான் என்ன பண்ண, வாயால ஊதட்டுமா?”

சூப்பர்வைசர் பதினொன்றையும் தள்ளுவண்டியில் ஏற்றச் சொன்னார். மாடியில் இன்ஜினியரிடம் ஒரு அளவுமானி இருக்கிறது. அது பொய் சொல்லாது.

அந்தத் தொழிற்சாலை செய்வது ஸ்பீக்கர் பெட்டிகள். கீழே தாம்பாளம் மாதிரி ஒரு காகிதக் கூம்பு, தடித்த ஒலிகளுக்கு. அதற்கு மேலே ஒரு ட்வீட்டர், மெல்லிய ஒலிகளுக்கு. இது எல்லாக் கம்பெனியிலும் உண்டு. இந்தக் கம்பெனியின் புது மாடலில் அதற்கும் மேலே கட்டைவிரல் நகம் அளவில் இன்னொன்று உட்கார்ந்திருந்தது. விநாடிக்குப் பதினைந்தாயிரம் அதிர்வுக்கு மேலே போனால்தான் அது வாயைத் திறக்கும். விலைப்பட்டியலில் அதற்கு ஒரு நீளமான பெயர் இருந்தது. தொழிலாளர்கள் குருவி என்றார்கள்.

குருவி கத்துகிறதா என்று பார்ப்பதுதான் பாம்புக்காதின் வேலை. அளவுமானி நூறு பெட்டிக்கு ஒன்றைத்தான் பார்க்கும். மற்ற தொண்ணூற்றொன்பதுக்கும் அவர் காதுதான். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு வழுவழு அட்டை போகும். ‘காதால் கேட்டுச் சரிபார்க்கப்பட்டது’ என்று அச்சடித்திருக்கும். கீழே அவர் கையெழுத்து. அந்த அட்டைக்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று முதலாளி சொல்லிக்கொண்டார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரண்டு அறை தள்ளி முதலாளி முணுமுணுத்த ஒரு வசவை எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னதால் அவருக்குப் பாம்புக்காது என்று பெயர் வந்தது. அதாயிற்று முப்பது வருஷம். முதல் நாள் அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஒரே ஒரு பாடம்தான் சொன்னார்: “பொத்தான அமுக்கினதும் ஒரு டிக் வரும். அது ஸ்விட்ச் போடுற சத்தம், அத விட்டுடு. அதுக்கப்புறம் வர்றதக் கேளு.” முப்பது வருஷமாக டிக்கை விட்டுவிட்டு, அப்புறம் வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அப்புறம் ஒன்றும் வரவில்லை.

பாடம் சொன்னவர் பிறகு பேக்கிங் பிரிவுக்குப் போனார். கேட்கும் நாற்காலியில் தப்புச் செய்கிறவர்கள் போகும் இடம் அது. கட்டடத்துக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத கொட்டகை. நாள் முழுக்க நாடா கிழியும் சத்தம். அங்கே போன ஆறே மாதத்தில் அந்த மனிதர் அட்டைப்பெட்டி நிறத்துக்கே வந்துவிட்டார். கண்டால் யாரும் பேசுவதில்லை. பெட்டியிடம் என்ன பேசுவது?

*

“பதினொண்ணையும் போட்டுப் பாத்துட்டேன் சார்,” என்றான் இன்ஜினியர். சின்ன வயசுப் பையன். மரியாதை தெரிந்தவன். அதனாலேயே கெட்ட செய்தி சொல்லும்போது கண்ணைத் தாழ்த்திக்கொள்வான். “பத்து நல்லா இருக்கு.”

“அப்ப மெஷின் கெட்டுப்போச்சு.”

“ஒண்ணு உண்மையாவே கெட்டது சார். மெஷின் கண்டுபிடிச்சிருச்சு.”

“எதுன்னு சொல்லாதீங்க!” சூப்பர்வைசர் நடுவில் புகுந்தார். “சாரே சொல்லட்டும். பதினொண்ணும் திரும்பக் கீழ போகும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அந்த ஒண்ணு எதுன்னு எழுதிக் குடுங்க சார். சரியா இருந்தா, இன்னிக்கி உங்களுக்கு ஜலதோஷம்னு நெனச்சுக்கிறேன். இல்லாட்டி பேக்கிங்ல ஒரு ஸ்டூல் காலியா இருக்கு.”

அவர் போன பிறகு பாம்புக்காது குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, எங்க சித்தப்பா ஒருத்தர். நல்லா கேட்டுக்கிட்டு இருந்தவர். திடீர்னு மேல இருக்கிற சத்தம் மட்டும் போயிருச்சு.”

“திடீர்னு போகாது சார். கொஞ்சம் கொஞ்சமா மேலேருந்து தேஞ்சுக்கிட்டே வரும். இருபது வயசுல பதினெட்டாயிரம் கேக்கும். அம்பதத் தாண்டினா பன்னெண்டாயிரம் கேட்டாலே பெரிய விஷயம்.”

“மருந்து, சொட்டு, ஏதாவது? திரும்ப வருமா?”

“சித்தப்பாவுக்கா?”

“சித்தப்பாவுக்குத்தான்.”

“வராது சார்.”

பாம்புக்காது மேசையில் இருந்த விளம்பரத்தாளைக் காட்டினார். “இதுல நாப்பதாயிரம் வரைக்கும் வரும்னு போட்டிருக்கே?”

“குருவிக்கு இருபதாயிரத்துக்கு மேல மூச்சு வாங்கும் சார். அவ்வளவு வேகமா அதால ஆட முடியாது. எந்த ஸ்பீக்கருக்கும் ஒரு எல்லை உண்டு. சும்மா போட்டிருக்காங்க.”

“நாப்பதாயிரத்த யாரு கேப்பா?”

“வௌவால் கேக்கும்.”

“வௌவால் ஸ்பீக்கர் வாங்குமா?”

“வாங்குறதுக்கும் கேக்குறதுக்கும் சம்பந்தமே இல்ல சார். பூனைக்குக் கூட அறுபதாயிரம் வரைக்கும் கேக்கும். மனுசன்தான் சார் இதுல ரொம்ப மோசம்.”

“பாம்பு?” என்று கேட்டுவைத்தார், தன் பெயருக்கு ஒரு ஆறுதலாக இருக்கட்டும் என்று.

“பாம்புக்கு வெளிக்காதே கிடையாது சார்,” என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டான் இன்ஜினியர்.

அன்று மாலை வீட்டில் மனைவி கொல்லைக் கதவைக் காட்டினாள்.

“அதக் கொஞ்சம் சாத்துங்க. பூச்சி கத்துறது காதக் கிழிக்குது.”

அவர் கதவருகே போய் நின்றார். கொல்லையில் செடிகள் இருந்தன. இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது. பூச்சிகள் இல்லை. எப்போதிலிருந்து இல்லை என்று யோசித்தார். மூன்று வருஷம்? ஐந்து? அப்படியானால் போன வாரம் வரை கேட்டது என்ன, வெறும் பழக்கமா? ஒரு கொல்லை முழுக்க அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் காலி செய்துகொண்டு போயிருந்தது. அவரும் கவனிக்கவில்லை. கதவைச் சாத்தினார்.

“இப்பக் கொறஞ்சிருக்கா?” என்று கேட்டார்.

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். “வேலையில என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லயே.”

“வாய் ஒண்ணுமில்லங்குது, புருவம் ஒப்பாரி வைக்குது. கல்யாணமான நாள்லேருந்து உங்க பேச்ச நான் கேட்டதே கிடையாது. புருவத்தப் பாத்துத்தான் குடும்பம் நடத்துறேன். டீயில சர்க்கரை பத்தலன்னாக் கூட அது ரெண்டும் எனக்கு முன்னாடியே சொல்லிடும்.”

அவர் புருவத்தைத் தடவிச் சமமாக்கிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

*

மறுநாள் காலை பதினொன்றும் அவருக்கு முன்னால் வரிசையாக நின்றன. மத்தியானத்துக்கு மூன்று மணி நேரம் இருந்தது. அறைக்குள் டைரக்டரும் இருந்தது.

டைரக்டர் என்பது தொழிற்சாலைப் பூனை. அழுக்கு வெள்ளை. ஒரு கண் நீலம், ஒரு கண் மஞ்சள். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பையும் பசையையும் எலிகள் விரும்பித் தின்னும் என்பதால் பெருக்குகிற அம்மா மூன்று வருஷத்துக்கு முன்னால் தன் வீட்டுக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து ஸ்டோரில் விட்டாள். அது கூப்பிட்டால் வராது. யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாது. வேலை நேரத்தில் தூங்கும். மற்ற நேரத்தில் எதிரில் இருப்பவர் முகத்தையே குறைகாண்பது போல் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த நிர்வாகத் திறமையைப் பார்த்துத்தான் தொழிலாளர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். பெருக்குகிற அம்மா ஒருத்திதான் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள். துடைப்பத்தை அதன் மூஞ்சிக்கு முன்னால் ஆட்டுவாள். வரும்.

ஆம்ப்ளிஃபயரின் முதுகு சூடாக இருக்கும் என்று கண்டுபிடித்து அதன்மேல் படுத்திருந்தது. விரட்ட அவருக்குத் தெம்பில்லை.

முதல் பெட்டி. பொத்தானை அழுத்தினார். டிக். பிறகு நிசப்தம்.

டைரக்டர் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது.

இரண்டாவது. டிக். நிசப்தம். டைரக்டர் மறுபடி தலையைத் தூக்கியது. மூன்றாவதுக்கும் தூக்கியது. நாலாவது, ஐந்தாவது, ஆறாவதுக்கும் தூக்கியது. பாம்புக்காதுக்கு முதுகுத்தண்டில் ஒரு எறும்பு ஊர்ந்தது. பூனைக்கு அறுபதாயிரம்!

ஏழாவது. அழுத்தினார். டிக் கூட இல்லை. ஒன்றுமே இல்லை.

டைரக்டர் கண்ணை மூடிப் படுத்தபடியே கிடந்தது.

எட்டாவதுக்குத் தூக்கியது. பதினொன்று வரை தூக்கியது. அவர் மறுபடி ஏழுக்குப் போனார். பூனை அசையவில்லை. ஒரு தாளில் ‘ஏழு’ என்று எழுதி மடித்தார்.

“ஏழுதான் சார்!” இன்ஜினியர் மாடியிலிருந்தே கத்தினான். “உள்ள ஒயர் விட்டுப்போயிருந்துச்சு!”

சூப்பர்வைசர் வந்து கை குலுக்கினார். “ஜலதோஷம் போயிருச்சு போல?”

“போயிருச்சு,” என்றார் பாம்புக்காது. சட்டையில் ஒட்டியிருந்த வெள்ளை முடியைத் தட்டிவிட்டார்.

*

அடுத்த மூன்று மாதம் தொழிற்சாலை வரலாற்றில் பொற்காலம். பாம்புக்காது பொத்தானை அழுத்துவார், பூனையைப் பார்ப்பார். பூனை அவரைப் பார்க்கும். தலை எழுந்தால் கையெழுத்து. எழாவிட்டால் மஞ்சள். திரும்பி வரும் பெட்டிகள் அநேகமாக நின்றுபோயின. மனிதக் காதுக்கு நிகர் ஏது என்று முதலாளி காலண்டரில் அச்சடித்தார்.

கவலை ஸ்டோரில் ஆரம்பித்தது.

“சார், என் பூனையக் குடுத்துடுங்க,” என்று வந்து நின்றார் ஸ்டோர்கீப்பர். கையில் சல்லடை மாதிரி ஒரு காகிதக் கூம்பு. “எலி வந்து கல்யாணச் சாப்பாடு சாப்பிடுது. இந்த மாசம் மட்டும் அறுபது கூம்பு.”

“டைரக்டர் இங்க வேலையா இருக்கு.”

“என்ன வேலை? தூங்கிக்கிட்டு இருக்கு!”

என்ன வேலை என்பதற்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. பாம்புக்காது சுவரைப் பார்த்தார். “எதிரொலி. பூனை முடி எதிரொலிய உறிஞ்சும். ஸ்பாஞ்செல்லாம் பழசாயிருச்சு. பூனை இல்லாட்டி ரூம் மணி மாதிரி அடிக்கும்.”

ஸ்டோர்கீப்பர் நம்பினார். அதோடு விட்டிருந்தால் தேவலை. போய் சூப்பர்வைசரிடம் புகார் செய்தார். சூப்பர்வைசர் முதலாளியிடம் சொன்னார். முதலாளி புதுமைகளை வரவேற்கிறவர். ஒரே வாரத்தில் சுற்றறிக்கை வந்தது: ‘அனைத்துக் கேட்பறைகளிலும் அறைக்கு ஒரு பூனை வீதம் பொருத்தப்படும்.’ கொள்முதல் பிரிவு, நடுத்தர அளவு, அடர்த்தியான முடி, ஐந்து வருட உத்தரவாதம் என்று விவரம் போட்டு விலைப்புள்ளி கேட்டது. யாரும் அனுப்பவில்லை.

விலைப்புள்ளி வராததால் எத்தனை பூனை தேவைப்படும் என்று கணக்கிடும் பொறுப்பு இன்ஜினியர் தலையில் விழுந்தது. அவன் மைக்கோடு கேட்பறைக்கு வந்தான். பூனையை வைத்து அளந்தான். வெளியே விட்டு அளந்தான். நீளவாக்கில் வைத்து, சுருட்டி வைத்து அளந்தான்.

“சார்,” என்றான், கண்ணைத் தாழ்த்தி. “பூனை இருந்தாலும் இல்லாட்டியும் ரூம் ஒரே மாதிரிதான் இருக்கு.”

“உன் மைக்குக்குக் காது சரியில்ல தம்பி.”

“இருக்கலாம் சார். ஆனா ரிப்போர்ட் போயிருச்சு.”

ரிப்போர்ட்டைப் படித்த சூப்பர்வைசர் அதை இரண்டு நாள் மேசை டிராயரில் வைத்திருந்தார். மூன்றாம் நாள் முதலாளியின் அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அவர் சிரித்து யாருக்கும் நல்லது நடந்ததில்லை.

“வர்ற வெள்ளிக்கிழமை டீலர்ங்க எல்லாரும் வர்றாங்க சார். அவங்க முன்னாடி நீங்க உக்காந்து பத்துப் பெட்டியக் கேட்டுச் சொல்றீங்க. எத்தனை நல்லது, எத்தனை கெட்டதுன்னு இன்ஜினியருக்கு மட்டும்தான் தெரியும்.”

“டைரக்டரும்...”

“முதலாளி இருப்பாரு.”

“பூனையச் சொன்னேன்.”

“டீலர் மீட்டிங்ல பூனை எதுக்கு சார்? அதான் எதிரொலிக்கும் அதுக்கும் ஒட்டு உறவே இல்லன்னு ரிப்போர்ட் வந்திருச்சே.”

அன்று மாலை வீட்டில் மனைவி நாலு தும்மல் போட்டுவிட்டு அவர் சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். “தினம் வெள்ளை முடி. வேற யாருமா இருந்தா நான் சந்தேகப்பட்டிருப்பேன். உங்க புருவத்துல பயம் மட்டும்தான் இருக்கு, அதனால விட்டுட்டேன்.”

சொல்லிவிடலாமா என்று அவருக்கு இருந்தது. கொல்லைக் கதவு திறந்திருந்தது. அவரே எழுந்து போய்ச் சாத்தினார்.

“இன்னிக்கி ஒண்ணும் கத்தலயே,” என்றாள் மனைவி. “மழை வரப்போகுது போல. எதுக்குச் சாத்துறீங்க?”

*

வெள்ளிக்கிழமை கூடத்தில் நாற்பது டீலர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் பத்துப் பெட்டி, ஒரு பொத்தான், ஒரு நாற்காலி. பூனை உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள வாசலில் முதலாளியின் மச்சானை நிறுத்தியிருந்தார்கள். மச்சான் முகத்தில் எதுவும் நடக்காத மனிதர். போன வருஷம் லாட்டரியில் கார் விழுந்தபோதும் அதே முகம், அந்தக் கார் கால்வாயில் விழுந்தபோதும் அதே முகம். அவருக்கு ஏதாவது ஒரு உத்தியோகம் கொடுக்க முதலாளியின் மனைவி ஏழு வருஷமாகப் போராடிக்கொண்டிருந்தார்.

பாம்புக்காது முதல் பெட்டிக்குப் பொத்தானை அழுத்தினார். பார்க்க ஒரு முகம் இல்லை. எதிரே சுவர்தான் இருந்தது.

“நல்லது,” என்றார்.

இரண்டாவது. “நல்லது.”

மூன்றாவது. நாற்பது ஜோடிக் கண்ணும் அவர் காதை மொய்த்தன. மூன்றாவதும் நல்லது என்றார். நாலும் நல்லது என்றார். நல்ல மனசோடு பத்தையுமே நல்லது என்று சொல்லி முடித்தார்.

யாரோ கை தட்டத் தொடங்கினார்கள். இன்ஜினியர் கண்ணைத் தாழ்த்தினான்.

“சார்... மூணாவதுல குருவியே கிடையாது. வெறும் ஓட்டைக்கு மேல துணி ஒட்டியிருக்கேன். ஆறுலயும் ஒம்பதுலயும் ஒயர் இல்ல.”

கை தட்டல் ஒரு கையோடு நின்றது.

முதலாளி மேடைக்கு வந்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் சொல்வதை ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. “என்னய்யா இது?”

பாம்புக்காது எழுந்து நின்றார். சட்டென்று ரொம்பக் களைப்பாக இருந்தது. மூன்று மாதம் ஒரு பூனையை நம்பி வாழ்வது லேசான வேலை இல்லை.

“எனக்குக் கேக்கல முதலாளி. குருவி கத்துறது கேக்கல. பூச்சி கத்துறது கேக்கல. மூணு மாசமா எல்லாத்தையும் கேட்டுச் சொன்னது டைரக்டர்.”

“நானா?”

“பூனை.”

முதலாளி கோபப்படப் போனவர், பாதி வழியில் நின்றார். முகத்தில் வியாபாரம் வந்து உட்கார்ந்தது.

“அதக் கொண்டா பாக்கலாம்.”

இன்ஜினியர் பத்துப் பெட்டியையும் துணியைப் போட்டு மூடி, இடம் மாற்றி வைத்தான். டைரக்டரைத் தூக்கிவந்து ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்தார்கள். அது கூடத்தைச் சட்டையே செய்யவில்லை. பாம்புக்காதைப் பார்த்துப் படுத்தது. அவர் நாற்காலியை அதன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்த ஆரம்பித்தார். தலை எழுந்தது. எழுந்தது. எழவில்லை. எழுந்தது...

பத்துக்குப் பத்து.

டீலர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். பூனை அதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த அடக்கம் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. ஒருவர், “எந்த மாடலோட இந்தப் பூனை வரும்?” என்று கேட்டார்.

*

முதலாளி பத்து நிமிஷத்தில் முடிவெடுத்தார். பூனைக்கு வருஷத்துக்கொரு சம்பள உயர்வு கிடையாது. பூனை ஒட்டுக்கேட்டாலும் வெளியே சொல்லாது. பாம்புக்காதிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கினார்கள்: ‘எனக்குக் காது கேட்பதில்லை. இதுவரை கேட்டதெல்லாம் பூனையே. என் திறமை என்று இதில் ஏதுமில்லை.’ அந்தக் கடிதத்தையே பெரிதாக அச்சடித்து எல்லா டீலருக்கும் அனுப்பினார்கள். கீழே ‘மனிதக் காதை இனியும் நம்பலாமா?’ என்று ஒரு வரி. அவர் கையெழுத்துக்கு இவ்வளவு பெரிய விளம்பரம் முப்பது வருஷத்தில் கிடைத்ததில்லை.

பெட்டிக்குள் புது அட்டை வந்தது. ‘பூனையால் கேட்டுச் சரிபார்க்கப்பட்டது.’ கீழே மையில் தோய்த்த ஒரு பாதம். பொத்தானை அழுத்துவதற்கு மட்டும் ஒரு ஆள் வேண்டும். கேட்கவோ புரியவோ தேவையில்லை. மச்சானுக்கு ஏழு வருஷத்துக்குப் பிறகு உத்தியோகம் கிடைத்தது. செய்தியைச் சொன்னபோதும் அதே முகம்.

பாம்புக்காது பேக்கிங் கொட்டகைக்குப் போனார். பாதம் பதித்த அட்டையைப் பெட்டிக்குள் போடுவது அவர் வேலை. அவருக்குப் பாடம் சொன்ன பழைய மனிதர் பக்கத்து ஸ்டூலில் இருந்தார். முப்பது வருஷம் கழித்து இருவரும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நாடா கிழிகிற சத்தம் மட்டும் இருவருக்கும் நன்றாகவே கேட்டது.

முதல் நாள் ஒரு பெட்டியும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சூப்பர்வைசர் வியர்த்து விறுவிறுத்து வந்தார்.

“முந்நூறு பெட்டி சார், முந்நூறும் மஞ்சள்! பூனை தலையவே தூக்க மாட்டேங்குது. மச்சான் சார் காலையிலேருந்து சாயந்தரம் வரைக்கும் பொத்தான அமுக்குறாரு, அது பொணம் மாதிரி கெடக்குது. இன்ஜினியர் அளந்து பாத்துட்டு எல்லாம் நல்ல பெட்டிங்கிறான்.”

“பால் குடுத்தீங்களா?”

“பால், மீன், மெத்தை எல்லாம் குடுத்தாச்சு. வேலைநிறுத்தம்னு முதலாளி நெனைக்கிறாரு. யூனியன்ல யாராவது அதுகிட்டப் பேசினாங்களான்னு விசாரணை வச்சிருக்காரு.”

“நான் வேணா ஒரு தடவ வந்து...”

“நீங்களா?” சூப்பர்வைசர் சுவரைக் காட்டினார். அங்கே அவருடைய கடிதம் பெரிய அளவில் ஒட்டியிருந்தது. “நாடு பூரா இது போயிருக்கு சார். இனிமே உங்கள அந்த ரூமுக்குள்ள விட்டா எங்கள யாரு நம்புவா?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெருக்குகிற அம்மா கொட்டகையின் மூலையிலிருந்து நாடாத் துண்டுகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மூன்று மாதமாக அந்தக் கட்டடத்தில் நடந்ததையெல்லாம் கூட்டி அள்ளியவள் அவள்தான். பாம்புக்காது காலைத் தூக்கி வழிவிட்டார்.

“ஏம்மா, டைரக்டர் நீ கொண்டுவந்ததுதானே? ஏன் இப்படிப் பண்ணுது? உங்கிட்ட யாரும் விசாரிக்கலயா?”

“எங்கிட்ட யாரு சார் எதக் கேக்குறாங்க? காலத் தூக்குங்கன்னு நான்தான் எல்லார்கிட்டயும் கேக்கணும்.”

“மூணு மாசம் என்னமா கேட்டுச்சு! இப்ப அதுக்கும் என்ன மாதிரியே காது தேஞ்சுபோச்சோ என்னமோ.”

அவள் துடைப்பத்தைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிச் சமன் செய்தாள்.

“தேயிறதுக்கு என்ன சார் இருக்கு, அது பொறந்ததுலேருந்தே முழுச் செவிடுங்க, எதிர்ல இருக்கிறவங்க மூஞ்சியப் பாத்துத்தான் எழுந்திருக்கும், டிக்னு வந்தா உங்க புருவம் ஏறும், அதப் பாத்து அது தலையத் தூக்கும், அந்த மச்சான் சார் மூஞ்சியில எதப் பாத்துத் தூக்கும்?”